புகை எழாத அடுப்பு

என் அண்ணி எல்மினாவின் வீட்டுப் புகைபோக்கியிலிருந்து அன்று காலையிலும் புகை எழவில்லை. ஆயினும், நண்பகலில் அவள் பரிமாறப்போகும் மாட்டுக்கறி வெண்ணெயைப் போல் குழைந்திருக்கும் என்பதை நான் அறிவேன். சபை கூடாத ஞாயிறுகளில் உறவினர் இல்லம் செல்வது எங்கள் வழக்கம். இவ்வாறு அவள் வீட்டில் உண்டது மூன்று முறை. அத்தகைய கறிக்கு ஏழு மணி நேர நெருப்பு தேவை. அந்த நெருப்பு எங்கே?

வியாழன் விடியற்காலையில் எங்கள் தொழுவத்தில் பால் கறக்கையில், கனத்த இரும்புச் சட்டியொன்றை அவள் வேலிப்பக்கம் சுமந்து சென்றதைக் கண்டேன். வேலிக்கு அப்பால் இருப்பது ஓர் இங்கிலீஷ்காரரின் கார் கொட்டகை; எங்கள் சபையைச் சேராத எவரையும் நாங்கள் அப்படித்தான் அழைப்போம். அங்கே மின்சாரம் உண்டு. எங்கள் சபையாருக்கோ அது விலக்கப்பட்டது. குற்றம் உறுதியானால், திருவிருந்துக்கு முன் அவள் சபை நடுவே மண்டியிட வேண்டும். வெள்ளிக்கிழமையே நான், சபை ஒழுங்கைக் கவனிக்கும் டீக்கன் நோவாவிடம் கூறிவிட்டிருந்தேன்.

அன்று அவள் வீட்டுச் சமையலறைக்குள் நான் நுழைந்ததும் அடுப்பைத் தொட்டுப் பார்த்தேன்.

"அடுப்பு ஆறிக் கிடக்கே, அண்ணி?"

"கைய வச்சுப் பாத்தாச்சா, சலோமா? சட்டியையும் பாத்துரு, வா."

அவள் என்னை வேலியருகிலிருந்த மாட்டுத்தொழுவத்திற்கு அழைத்துச் சென்றாள். மூலையில் ஒரு மரப்பெட்டி. கனத்த மெத்தைப் போர்வையை விலக்கி, உள்ளே திணித்திருந்த வைக்கோலைத் தள்ளி, சட்டியின் மூடியைத் திறந்தாள். வெங்காயமும் காரட்டும் ஆப்பிள் காடியும் கலந்த ஆவி என் முகத்தில் மோதியது.

"இருட்டோட எழுந்து நல்லாக் கொதிக்கவச்சு, பால் கறக்க வரும்போதே இதுல புதைச்சுருவேன். இந்தச் செப்டம்பர் வெயில்ல நாள் பூரா அடுப்பெரிச்சா, கறிக்கு முன்னாடி நான் வெந்துருவேன்டி!"

நான் பெட்டியின் பின்புறம் கைவிட்டுத் துழாவினேன். மின்கம்பி ஏதுமில்லை.

"என்னடி தேடுற?"

அதற்குள் முற்றத்தில் குதிரைவண்டி நின்றது. டீக்கன் இறங்கினார்.

"இவர நான் கூப்பிடலையே," என்றாள் எல்மினா. பின்னர் என்னை நோக்கினாள், நெடுநேரம் நோக்கினாள்.

டீக்கன் தொழுவத்துக்குள் வந்து தொப்பியைக் கழற்றினார். "எல்மினா, ஒன்னு கேக்கணும். மின்சாரத்துல சமைக்கிறதா ஒரு பேச்சு..."

"நான்தான் சொன்னேன்," என்றேன். "கண்ணால பாக்காமலே சொல்லிட்டேன். இந்தாங்க, கொதிச்ச சட்டிய வைக்கோல்ல புதைச்சுதான் வேகவைக்கிறாங்க."

அவர் பெட்டியையும் என்னையும் மாறிமாறிப் பார்த்தார். "அப்ப, பாக்காமச் சொன்ன பழிக்கு, திருவிருந்துக்கு முன்னாடி சபையில மண்டி போட வேண்டியது நீதாம்மா."

"சரிங்க."

வீட்டுக்குள் திரும்பியதும் எல்மினா டீக்கனுக்கும் மேசையில் ஒரு தட்டு வைத்தாள். மௌன ஜெபத்தில் அனைவரும் தலைகுனிந்தோம். நிமிர்ந்தபோது அவள் ஏற்கெனவே என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சாப்பிடு, சலோமா. மின்சாரம் ஏதும் கலந்திருக்கான்னு பாத்துச் சொல்லு."

மெல்லவே தேவையில்லாத அந்தக் கறியை நான் வெகுநேரம் மென்றுகொண்டிருந்தேன்.