முதல் சர்வீஸ்

“கிளட்ச் எப்டிண்ணா கீது, டைட்டா, லூசா?” என்று மெக்கானிக் இல்யாஸ் கேட்டதும் பூபாலன் தன் இடது கையைப் பார்த்தான். வேறு யாருடையதோ போல அது மடியில் கவிழ்ந்து கிடந்தது. போளூரில் அந்த சர்வீஸ் கொட்டகையின் தகரக் கூரை மதிய வெயிலில் கொதித்துக்கொண்டிருந்தது. பூபாலனின் மனைவி தேவயானி ஹெல்மெட்டைக் கழற்றி இடுப்பில் இடுக்கியபடி நின்றாள். மலை இறக்கம் முழுக்க பிரேக்கையும் கிளட்சையும் பிடித்துப் பிடித்து அவள் விரல்கள் நிமிர மறுத்தன.

“என்னைக் கேளு தம்பி. நான்தான் ஓட்டிக்கினு வந்தேன்” என்றாள்.

இல்யாஸ் அவளைப் பார்த்தான், வண்டியைப் பார்த்தான். தாழ்ந்த சீட்டும் அகன்ற டேங்கும் விரிந்த கைப்பிடியுமாக, கல்லூரிப் பையன்கள் ஆசைப்பட்டு வாங்குகிற சின்ன க்ரூசர் அது. ஐந்தடிகூட இல்லாத, சேலைமேல் ஆண்பிள்ளைச் சட்டை போட்டிருந்த அந்தப் பெண்பிள்ளை ஜமுனாமரத்தூரிலிருந்து அதை இறக்கிக்கொண்டு வந்திருக்கிறாள். “சொல்லுங்கக்கா” என்றான்.

பூபாலன் இருபத்திரண்டு வருடம் அடுத்தவர் வண்டியை ஓட்டியவன். புளி, சாமை, பலாப்பழம் என்று பருவத்துக்குப் பருவம் ஏற்றிக்கொண்டு மலையிறங்கும் பிக்கப் வண்டி. நாற்பத்தெட்டு வயதில்தான் தனக்கென்று இதை வாங்கினான். வாங்கிய அன்றே அதற்கு என்னென்ன மாட்டுவதென்று செல்போனில் படம் படமாகச் சேர்க்கத் தொடங்கினான். காற்றுக்கு ஒரு முன்கண்ணாடி, இரண்டு பக்கமும் தோல் பைகள், கறுப்பு சைலன்சர். முதல் சர்வீஸுக்குப் போகும்போது எல்லாவற்றையும் மாட்டிக்கொண்டு வருவதாகப் பேச்சு. நானூற்றுப் பத்து கிலோமீட்டர் ஓடியிருந்தபோது, ஒரு காலையில், பல் துலக்கிக்கொண்டிருந்தவன் அப்படியே சரிந்தான். உயிர் தப்பியது. இடது கையும் இடது காலும் தப்பவில்லை. வண்டி தார்ப்பாயின் அடியில் நான்கு மாதம் நின்றது.

செவ்வாய்தோறும் அவனைப் பயிற்சிக்காகப் போளூர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிவர வேண்டியிருந்தது. மலைக்கு வரும் பஸ்கள் குறைவு. வருகிற பஸ்ஸின் படி உயரம். ஒருமுறை அவனைத் தூக்கி ஏற்றும்போது இரண்டு பேரும் சேர்ந்து விழுந்தார்கள். பஸ்ஸில் இருந்தவர்கள் ஓடிவந்து தூக்கினார்கள். அன்று வீடு திரும்பியதும் அவள் தார்ப்பாயை விலக்கி வண்டியின் சீட்டைக் கையால் அளந்து பார்த்தாள். அவள் தொடை உயரம்தான் இருந்தது. அவனோடு பிக்கப் ஓட்டிய முனியன்தான் பள்ளிக்கூட மைதானத்தில் அவளுக்குக் கற்றுக்கொடுத்தான். அதே பள்ளிக்கூடத்தில்தான் அவள் சத்துணவு சமைக்கிறாள். சோறு வடித்து, பாத்திரம் கழுவி முடித்து, நான்கு மணிக்குமேல் மைதானத்தைச் சுற்றிச்சுற்றி வந்தாள். பிள்ளைகள் சிரித்தார்கள். பதினைந்தாம் நாள் சிரிப்பதை விட்டுவிட்டார்கள்.

சாய்ந்துவிடக் கூடாது என்பதற்காக ஒரு பழைய சேலையைக் கிழித்து அவனைத் தன் இடுப்போடு சேர்த்துக் கட்டித்தான் அவள் ஓட்டினாள். வழியில் டீக்கடைகளில் இருந்தவர்கள் திரும்பிப் பார்க்கும்போதெல்லாம் அவன் முகத்தை அவள் முதுகில் புதைத்துக்கொள்வான். போன செவ்வாய்க்கிழமை, குழறலான வார்த்தைகளில், இனி வரமாட்டேன் என்றான். வண்டியை விற்றுவிடு என்றான். முதுகு சாய ஒரு சாய்வுக் கம்பி போட்டுவிடலாம், துணி வேண்டாம், இந்த ஒருமுறை மட்டும் வாருங்கள் என்று கெஞ்சித்தான் இன்று அழைத்து வந்திருந்தாள்.

இல்யாஸ் அடியில் தட்டை வைத்து எஞ்சின் ஆயிலை வடித்தான். கறுப்பாக இறங்கிய ஆயிலில் விரலை விட்டு வெளிச்சத்தில் காட்டினான். வெள்ளிப் பொடிபோல ஏதோ மினுங்கியது.

“இன்னா தம்பி, கெட்டுப் போச்சா?”

“இல்லக்கா. புது எஞ்சின்ல பல்லோட பல்லு ஒரசி இப்டி தூள் வரும். மொத சர்வீஸ்ல எடுத்துட்டா செரியாப் பூடும். அண்ணனுக்குத் தெரியாததா?”

பூபாலன் தலையசைத்தான். அவன் கண்கள் மட்டும் ஸ்பானரின் பின்னாலேயே போய்க்கொண்டிருந்தன. செயின் இறுக்கியதை, போல்ட்டுகளை ஒவ்வொன்றாக முடுக்கியதை, பிரேக்கைச் சரிபார்த்ததை எதையும் விடவில்லை. பின் சீட்டில் சாய்வுக் கம்பி ஏறியது. விழுந்தால் கால் நசுங்காமலிருக்க முன்னால் இரும்பு கார்டு. இடது காலுக்கு மட்டும் அகலமான மிதிப்பலகை. அது போட்டால் வண்டியின் லுக்கே போய்விடும் என்றான் இல்யாஸ். போகட்டும் என்றாள்.

“அக்கா, ஒண்ணு சொல்லட்டா? ஒங்க கை சின்னது. கிளட்ச் லிவர் எட்டல, அதான் இப்டி நோவுது. சின்ன லிவர் ஒண்ணு கீது. கைப்பிடியையும் கொஞ்சம் ஒங்க பக்கமா திருப்பிடலாம். ஆனா அண்ணன் கைக்கு அது எடைஞ்சலா இருக்கும்.” சொல்லிவிட்டுத்தான் அவன் நாக்கைக் கடித்துக்கொண்டான். “யாருக்கு வெக்கட்டும்?”

பூபாலன் கோலை ஊன்றி எழுந்தான். காலை இழுத்து இழுத்து வண்டியிடம் வந்தான். கோலை டேங்கில் சாத்திவிட்டு, வலது கையால் இடது கையைத் தூக்கிக் கைப்பிடிமேல் வைத்தான். விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து லிவரைச் சுற்றிப் படிய வைத்தான். கழுத்து நரம்பு புடைத்தது. நெற்றியில் வேர்வை துளிர்த்தது. லிவர் அசையவில்லை. இல்யாஸ் குனிந்து, ஏற்கெனவே துடைத்த ஸ்பானரை மறுபடி துடைத்தான்.

“அவ… கைக்கு… வையி” என்றான் பூபாலன்.

தேவயானிக்கு ஆறுதலாக இல்லை. இனி வரப்போகும் எல்லாச் செவ்வாய்க்கிழமைகளையும் அவள் பெயருக்கு எழுதிக் கொடுத்தது மாதிரி இருந்தது. எங்காவது படுக்க இடம் கிடைத்தால் போதும் என்று தோன்றியது. அந்தச் சேலைத் துணியை மடித்துக் கொட்டகைக் குப்பைக்கூடையில் போட்டுவிட்டு வண்டியை எடுத்தாள்.

மலை ஏறும்போது வெயில் சாய்ந்திருந்தது. வண்டியின் சத்தம் மாறியிருந்தது. லிவர் இரண்டு விரலுக்கே அடங்கியது. ஆனால் முதுகில் அவன் சூடு இல்லை. அவன் பின்னால் இருக்கிறானா என்று அடிக்கடி கண்ணாடியைத் திருப்பிப் பார்த்தாள். நான்காவது கொண்டை ஊசி வளைவில் எதிரே பஸ் இறங்கியது. ஒதுங்கி நின்றாள். எஞ்சின் அணைந்தது. அவன் கால் சரியாக இருக்கிறதா என்று குனிந்து பார்த்தபோது, புதுப் பலகையின்மேல் இடது பாதம் வெறுமனே இருந்தது.

“செருப்பு எங்கங்க?”

அவனும் குனிந்து பார்த்தான். “தெர்ல” என்றான்.

எங்கே விழுந்தது என்பது தெரியவில்லையா, விழுந்ததே தெரியவில்லையா என்று அவள் கேட்கவில்லை. ஆஸ்பத்திரியில் சொல்லி வாங்கிய செருப்பு அது. பின்னால் சாலை வளைந்து வளைந்து கீழே போனது. எந்த வளைவில் கிடக்கிறதோ. சரிவில், அவனை வைத்துக்கொண்டு வண்டியைத் திருப்ப முனியன் கற்றுக்கொடுக்கவில்லை. இறங்கி, திரும்பி, தேடி, மறுபடி ஏறி… அவள் இரண்டு காலையும் தரையில் ஊன்றியபடியே டேங்கின்மேல் குனிந்து படுத்தாள். இரும்பு சூடாக இருந்தது.

“என்னால முடிலங்க” என்றாள். அவன் சரிந்து விழுந்த நாளிலிருந்து அவள் வாய்விட்டு அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை.

காட்டுக்குள் ஏதோ பூச்சி கத்திக்கொண்டிருந்தது. பிறகு வண்டி லேசாக ஆடியது. அவன் வலது காலைக் கம்பியில் உரசி உரசிச் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தான். பாதி கழன்றதும் காலை ஓங்கி ஒரு உதறு உதறினான். அது பறந்து சரிவில் விழுந்தது.

“ஒண்ண வச்சிக்கினு… இன்னா பண்றது” என்றான். “எடு. போலாம்.”

அவள் நிமிர்ந்தாள். முகத்தைச் சட்டைக் கையில் துடைத்தாள். வண்டியைக் கிளப்பி, முதல் கியரில் மெல்ல வளைவை ஏறினாள். திரும்பும்போது ஒரு கணம் கண்ணாடியில் தெரிந்தது: சரிவில் ஒரு உண்ணிச்செடியின் கிளையில் செருப்பு வாரோடு மாட்டிக்கொண்டிருந்தது, அதன் கனத்துக்கு அந்தக் கிளை, பூவோடு, இன்னும் மேலும் கீழுமாக ஆடிக்கொண்டிருந்தது.