நெற்றியில் பூசிய தனாக்கா

யாங்கோனை அடுத்த தன்லியின் என்ற ஊரின் தொழிற்சாலையில் சூசைராஜின் இடது கண்ணில் அரிக்கும் காரத் தண்ணீர் தெறித்து மூன்று வருஷமாகிறது. பார்வை போய்விட்டது, பாழாய்ப்போன வலி மட்டும் போகவில்லை. புண் ஆறின பிறகும் நரம்பு அடங்காமல், கண்ணுக்குள் மிளகாயை அரைத்துப் பூசியதுபோல ராப்பகலாக எரிந்தது. ஆனாலும் அந்தக் கண்ணுக்கு வெளிச்சம் தெரியும். மனைவி ஜூடித் இடப்பக்கம் வந்து நின்றால் ஒரு நிழல் அசையும். “வந்துட்டியா” என்பார். அந்த ஒரு சொல்லுக்காகவே அவள் எப்போதும் இடப்பக்கமாகத்தான் வருவாள்.

கண்ணை எடுத்துவிட்டால் வலி நிற்கும் என்றார் டாக்டர். அதற்கு முன் ஆறு வாரம் ஒரு மெஷினைப் போட்டுப் பார்க்கலாம், புருவத்துக்கு மேலே இரண்டு பட்டை ஒட்டி மெல்லிய மின்சாரம் விட்டால் சிலருக்கு நரம்பு அடங்குகிறது என்று இரவல் கொடுத்தனுப்பினார். முகத்தைச் சுத்தமாக்கிவிட்டு ஒட்டச் சொன்னார்கள்.

யாங்கோனில் பிறந்து வளர்ந்தவளுக்கு அதையும் சொல்லித்தர வேண்டுமா? தினமும் காலையில் அவர் முகத்தைக் கழுவி, பர்மியர் சந்தனம்போல முகத்துக்குப் பூசும் தனாக்காக் கட்டையைக் கல்லில் உரசி, அந்த மஞ்சள் விழுதை நெற்றி நிறையப் பூசிக் காயவிட்டாள். எரிச்சலுக்குக் குளிர்ச்சி, முகத்துக்குச் சுத்தம். அதன்மேல்தான் பட்டையை வைத்தாள். ஒட்டாமல் நழுவியது. சனியன் பிடித்த மெஷின் என்று திட்டிக்கொண்டே துணியால் இறுக்கிக் கட்டினாள்.

மூன்று நாள் ஒன்றும் தெரியவில்லை என்றார் சூசைராஜ். அவள் முகம் வாடியதைப் பார்த்தாரோ என்னவோ, நாலாம் நாள், “லேசா ஊருது, ஜூடி” என்றார். அவளும் நம்பினாள். ஆறு வாரம் முடிந்தும் வலி இம்மியும் குறையவில்லை. கண்ணை எடுத்துவிட்டார்கள்.

ஒரு மாதம் கழித்து மெஷினைத் திருப்பிக் கொடுக்க கியாக்டடா பேட்டையிலிருந்த கிளினிக்குக்குப் போனாள் ஜூடித். வாங்கிக்கொண்ட நர்ஸ் ரேவதி பட்டையைத் திருப்பிப் பார்த்தாள். அடியில் காய்ந்து கிடந்த மஞ்சளை நகத்தால் சுரண்டினாள்.

“தனாக்கா மேலயா ஒட்டினீங்க அக்கா?”

“ஆமா. சுத்தமா இருக்கணும்னாங்களே.”

“பூச்சு இருந்தா கரண்டு தோலுக்குப் போகாதுக்கா” என்றாள் ரேவதி. புதுப் பட்டைகளை எடுத்து ஜூடித்தின் கையில் ஒட்டி மெஷினைத் திருகினாள். தோலுக்கடியில் எறும்புகள் ஓடின. கை தானாக உதறிக்கொண்டது. ஆறு வாரத்தில் ஒருநாள்கூட அவர் முகம் இப்படிச் சுளிக்கவில்லை என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

“வெறும் தோல்ல ஒட்டியிருந்தா வலி கேட்டிருக்குமாம்மா?”

“சொல்ல முடியாதுக்கா. இங்க வந்தவங்கள்ல பாதிப் பேருக்குக் கேட்டிருக்கு.”

பாதிப் பேர். பஸ்ஸில் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். தன் கையாலேயே கெடுத்துவிட்டோமே என்று நெஞ்சு வெந்தது. போனதும் அவரிடம் சொல்லிவிட வேண்டும் என்று முடிவு செய்தாள்.

சூசைராஜ் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். பழக்க தோஷத்தில் ஜூடித் இடப்பக்கமாகவே போய் நின்றாள். அவர் திரும்பவில்லை. வெகுநேரம் நின்றாள். கடைசியில் தோளைத் தொட்டபோது தூக்கிவாரிப்போட்டது அவருக்கு.

“நீயா? நெத்திக்குத் தனாக்கா உரசிப் பூசேன், ஜூடி. இத்தனை வைத்தியத்துல எனக்குச் சுகமா இருந்தது அது ஒண்ணுதான்.”

சொல்ல வந்ததை விட்டுவிட்டாள். கல்லை எடுத்து வைத்துக் கட்டையை உரசினாள். நெற்றி முழுக்கப் பூசினாள்.

சூசைராஜ் நிம்மதியாகத் தன் ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டார்.