அத்தான் படிக்காத பக்கம்

அறிக்கையை அத்தான் படித்துக் காட்டிக்கொண்டிருந்தபோது, மவுஸின் சக்கரம் ஓர் இடத்தில் கடகடவென்று நெடுநேரம் ஓடியது. அவர் வாய் மட்டும் ஓடவில்லை. பிறகு, "பொதுவா கட்டடத்துக்கு வயசாயிடுச்சுன்னு எழுதியிருக்காங்க, அவ்வளவுதான்" என்று சொல்லிக் கணினியை மூடிவிட்டார். மைனாவின் மனதில் அந்தக் கணத்தில் விழுந்த முடிச்சு அதன்பிறகு அவிழவே இல்லை.

மைனா என்பது வீட்டுப் பெயர். சின்ன வயதில் யார் எது பேசினாலும் ஒரு சொல் பிசகாமல் திருப்பிச் சொல்வாள் என்று அப்பா வைத்தது. பிறவியிலேயே பார்வை கிடையாது. அந்தக் காதுதான் பிறகு அவளுக்குச் சோறு போட்டது. மருத்துவர்கள் வாயால் சொல்லிப் பதிவு செய்யும் குறிப்புகளைக் கேட்டுத் தட்டச்சு செய்து கொடுக்கும் நிறுவனத்தில் வேலை. அப்பாவும் அம்மாவும் போன பிறகு, அக்காவும் அத்தானும் இருந்த வீட்டோடு மைனா வந்துவிட்டாள். நான்கு மாடிக் கட்டடத்தில் மூன்றாம் மாடி.

அந்தக் கட்டடத்தின் படிக்கட்டுச் சுவரில் விரிசல் விட்டிருந்தது. ஏறும்போது விரலால் தடவினால், போன மாதம் நகம் நுழைந்த இடத்தில் இந்த மாதம் விரல் நுனியே நுழைந்தது. மாநகராட்சிப் பொறியாளர் வந்து சுவர்களைச் சுத்தியலால் தட்டிப் பார்த்துவிட்டுப் போனார். அவருடைய அறிக்கை இணையத்தில் ஏறியது. அது அவர்கள் தயவு அல்ல, சட்டம். அரசாங்க அலுவலகங்கள் பொதுமக்கள் சம்பந்தப்பட்ட ஆவணங்களை எல்லோரும் பார்க்கும்படி மின்னணு வடிவில் வெளியிட வேண்டும் என்று மாநிலம் சட்டம் போட்டிருந்தது.

வெளியிட்டிருந்தார்கள். ஆனால் அறுபது பக்கத்தையும் சாய்வாகப் படம் பிடித்து, மேலே முத்திரை குத்தி ஏற்றியிருந்தார்கள். மைனாவின் கணினியில் எழுத்தைப் படித்துச் சொல்லும் மென்பொருள், அந்தக் கோப்பைத் திறந்ததும் "படம்" என்றது. அடுத்த பக்கம், "படம்". எழுத்தாக மாற்றிப் பார்த்தாள். பாதி எழுத்தும் பாதிக் குப்பையுமாக ஏதோ உளறியது. அதனால்தான் அத்தானைக் கேட்டாள்.

அத்தான் மருந்து மொத்தக் கடை ஒன்றில் மேலாளர். குடியிருப்போர் சங்கத்துக்கு அவர்தான் செயலாளர். மைனாவை ஒருநாளும் முகம் சுளித்துப் பேசியவர் அல்ல. அவளுக்காக வீட்டில் ஒரு நாற்காலியைக்கூட இடம் மாற்றவிடமாட்டார். அதுதான் அவளை மேலும் குழப்பியது. இத்தனை நல்ல மனிதர் மீது சந்தேகப்படுவது, சாப்பிட்ட வீட்டுக்கு இரண்டகம் நினைப்பது மாதிரி இருந்தது.

அடுத்த வாரம் சங்கக் கூட்டத்தில் அத்தான் எழுந்து பேசினார். "கட்டடம் பலவீனமா இருக்குன்னு அறிக்கையே சொல்லுது. ஒட்டுப் போட்டுக்கிட்டு எத்தனை நாள் ஓட்ட முடியும்? ஒரு நிறுவனம் மொத்தமா வாங்கிக்கறேங்குது. இடிச்சுப் புதுசா கட்டி ஆளுக்கு ஒரு வீடு தரும். எல்லாரும் கையெழுத்துப் போட்டா நமக்குத்தான் நல்லது."

மைனாவிடம் அவர் சொன்னது வயசு. கூட்டத்தில் சொன்னது பலவீனம். ஒரே அறிக்கைக்கு இரண்டு வாய் எப்படி வரும்?

இரண்டு நாள் கழித்து ஓர் ஆள் அத்தானைத் தேடி வந்தான். கரகரத்த குரல். கூடத்தில் உட்காராமல் இருவரும் பால்கனிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்கள். மரக்கதவு சாத்தினால் மற்றவர்களுக்குத்தான் கேட்காது.

"அந்தப் பக்கத்தை யாராவது பாத்துட்டாங்களா?" என்றான் வந்தவன்.

"எல்லாம் படம். தேடினா ஒரு வார்த்தை சிக்காது. எவன் உக்காந்து அறுபது பக்கம் படிக்கப் போறான்?" அத்தானின் குரல்.

"உங்க மச்சினி?"

"அவளுக்கு நான் படிச்சாத்தானே தெரியும்."

மைனா சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கோபம் பிறகுதான் வந்தது. முதலில் வந்தது வெட்கம். தன் பார்வையின்மையை ஒருவர் பூட்டாகப் பயன்படுத்துகிறார் என்ற வெட்கம். வந்தவன் அந்த நிறுவனத்தின் தரகன் என்று முடிவு கட்டினாள். எரிகிற வீட்டில் பிடுங்கியது லாபம் என்று அத்தானும் இறங்கிவிட்டாரா?

மறுநாள் காலை அக்காவிடம் கேட்டாள். "அக்கா, அன்னைக்கு அத்தான் அறிக்கையை முழுசாப் படிச்சாரா?"

"படிச்சாரே. நீயும்தானே கேட்ட."

"நீ பக்கத்துல இருந்த. எதையாவது விட்டாரா?"

"உனக்கு எதைத் தொட்டாலும் சந்தேகம்டி. உக்காந்து அத்தனையும் படிச்சார் பாரு, அவரைச் சொல்லணும்" என்றாள் அக்கா. பாத்திரம் தேய்க்கும் சத்தம் தேவைக்கு மேல் பலமாக எழுந்தது.

வெளியே யாரிடமாவது படிக்கக் கொடுக்கலாம். ஆனால் அப்படிக் கொடுத்தால், ஏன் அத்தான் படிக்கவில்லையா என்று கேள்வி வரும். வீட்டுச் சந்தேகம் வாசலைத் தாண்டினால் ஊர்ச் சந்தேகமாகிவிடும். எனவே மதிய இடைவேளையில் நேராக மாநகராட்சிக் கட்டட அலுவலகத்தின் தகவல் பிரிவுக்கே ஃபோன் செய்தாள். எடுத்தது ஒரு பெண் அலுவலர்.

"அறிக்கை வெப்சைட்லயே இருக்கே மேடம்."

"இருக்கு. என்னால படிக்க முடியல. எனக்குப் பார்வை கிடையாது. என் கணினி எழுத்தாத்தான் படிக்கும், படத்தைப் படிக்காது."

"வீட்ல யாராவது படிச்சுக் காட்டமாட்டாங்களா?"

"காட்டுவாங்க. அதனாலதான் உங்களைக் கேக்கறேன்."

அலுவலர் வழக்கமான பாட்டைப் பாடினாள்: "நாங்க ஏத்தறது எல்லாமே இப்படித்தாங்க. ஸ்கேன் பண்ணி ஏத்தறது."

"வெளியிட்டா மட்டும் போதாது, எல்லாரும் படிக்கற வடிவத்துல வெளியிடணும்னு அதே சட்டத்துல இருக்கு. படிச்சுட்டுத்தான் பேசறேன். அந்தச் சட்டம் மட்டும் எழுத்தாவே இருந்தது."

அலுவலர் சிரித்துவிட்டாள். "சரி, புகாரா எழுதி அனுப்புங்க. ஆனா ஒண்ணு. உங்களுக்குன்னு தனியாக் குடுக்க முடியாது. மாத்தினா பழையதை எடுத்துட்டு அதே இடத்துல போடணும். அப்புறம் யார் வேணா தேடலாம், எந்த வார்த்தையும் சிக்கும்."

"எல்லாருக்கும் போடுங்க. நல்லதுதானே?" என்றாள் மைனா. அந்த வார்த்தையைப் பின்னால் பலமுறை நினைத்துப் பார்த்தாள்.

பதில் வராமல் நாட்கள் போயின. அதற்குள் அத்தான் வீடு வீடாகப் போய்க் கையெழுத்து வாங்கிக்கொண்டிருந்தார். கீழ்த்தளத்துத் தையல்காரர் போட்டுவிட்டார். நேர் கீழே இரண்டாம் மாடியில் இருந்த நர்ஸ் மட்டும், "கைக்குழந்தைய வச்சுக்கிட்டு வாடகை வீட்டுக்கு எங்கே போறது?" என்று தள்ளிப்போட்டாள். மைனாவிடமும் அத்தான் அன்பாகவே கேட்டார். அக்காவும் அவளும் அந்த வீட்டுக்குக் கூட்டுச் சொந்தக்காரர்கள், அப்பா வாங்கி அக்காவைக் குடிவைத்தது.

"ஞாயித்துக்கிழமை போடறேன் அத்தான்."

"ஏம்மா, என்மேல நம்பிக்கை இல்லையா?" என்று சிரித்தார். சிரிப்பு தொண்டையோடு நின்றுவிட்டது.

வெள்ளிக்கிழமை மதியம், வேலை செய்யும் இடத்தில் இருந்தபோது அலுவலகத்திலிருந்து செய்தி வந்தது: அறிக்கை எழுத்து வடிவில் மாற்றி ஏற்றப்பட்டது. மைனா காதில் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு திறந்தாள். "படம்" என்று சொல்லாமல் எந்திரக் குரல் முதல் வரியைப் படிக்க ஆரம்பித்தது. வழக்கம்போல வேகமாக ஓடவிட்டாள். அத்தான் படித்த பக்கங்கள் அப்படியே வந்தன. வயது, ஈரம், தண்ணீர்க் குழாய்க் கசிவு. பிறகு வந்த பக்கம் அவள் கேட்டதில்லை. குரலை மெதுவாக்கினாள்.

"மூன்றாம் தளம், கிழக்குக் குடியிருப்பு. கூடத்துக்கும் பின்னறைக்கும் இடையிலிருந்த சுமைதாங்கும் சுவர் அனுமதியின்றி அகற்றப்பட்டுள்ளது. படிக்கட்டுச் சுவரிலும் இரண்டாம் தளக் கூரையிலும் காணப்படும் விரிசல்களுக்கு இதுவே காரணம். கட்டடத்தின் ஏனைய பகுதிகள் உறுதியாக உள்ளன. இடிக்கத் தேவையில்லை, எஃகு உத்தரம் பொருத்தினால் போதுமானது. அதுவரை அக்குடியிருப்பிலும் அதன் நேர் கீழ்க் குடியிருப்பிலும் எவரும் தங்கக் கூடாது. இதற்கான அறிவிப்பு குடியிருப்போர் சங்கச் செயலாளரிடம் நேரில் வழங்கப்பட்டது."

மூன்றாம் தளம், கிழக்கு. அவர்கள் வீடு.

அந்தச் சுவர் அவளுக்குத் தெரியும். இந்த வீட்டுக்கு வந்த புதிதில் தினமும் அதன் முனையில் நெற்றியை இடித்துக்கொள்வாள். வேலைப் பயிற்சிக்காக வெளியூர் போய்த் திரும்பியபோது சுவரே இல்லை. "இனிமே உனக்கு நேர் வழி" என்று அத்தான் அவள் கையைப் பிடித்து இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை நடத்திக் காட்டினார். அன்று அவள் அழுதுவிட்டாள். பால்கனியில் பேசியவன் தரகன் இல்லை என்று இப்போது புரிந்தது. அந்தப் பக்கத்துக்குப் பயப்பட வேண்டியவன், சுவரை இடித்துக் கொடுத்த ஒப்பந்தக்காரன். கட்டடத்தையே இடித்துவிட்டால் இல்லாத சுவரை யார் தேடப்போகிறார்கள்?

யோசிக்க நேரமில்லை. நேர் கீழே குழந்தை தூங்கும் வீடு. டாக்சி பிடித்துப் போனாள். மூன்றாம் மாடிக்கு ஏறாமல் இரண்டாம் மாடிக் கதவைத் தட்டினாள்.

"என்ன மைனா, வேலை இல்லையா இன்னைக்கு?" என்றாள் நர்ஸ்.

"குழந்தையத் தூக்கிக்கிட்டு முதல்ல வெளிய வாங்க. எங்க வீட்ல எடுத்த சுவர்தான் உங்க கூரை விரிசலுக்குக் காரணமாம். அறிக்கையில இருக்கு."

"உங்க அத்தான் அப்படி ஒண்ணுமே சொல்லலையே?"

"ஆமா. சொல்லல."

நர்ஸின் கணவன் லாரி ஓட்டுபவன். அவன் அங்கேயே தன் ஃபோனில் 'மூன்றாம் தளம்' என்று தேடினான். தேடிய மாத்திரத்தில் கிடைத்தது. அவன் அதை உரக்கப் படிக்கப் படிக்க, படிக்கட்டில் கதவு கதவாகத் திறந்தது. கிணறு வெட்டப் பூதம் கிளம்பியது. பூதம் மைனாவின் சொந்த வீட்டு மனிதர்.

அத்தான் கடையிலிருந்து வருவதற்குள் எல்லோரும் வாசலில் கூடிவிட்டார்கள். தையல்காரர்தான் முதலில் கேட்டார்: "என் கையெழுத்தை வாங்கும்போது உங்களுக்கு இது தெரியும், இல்லையா?"

அத்தானின் செருப்புச் சத்தம் ஒரு படி பின்வாங்கியது.

"எங்க குழந்தை அந்தக் கூரைக்குக் கீழதான் தூங்கிச்சு" என்றாள் நர்ஸ். அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் தாங்கியிருக்கலாம்.

அன்று மாலையே இரண்டு குடும்பமும் வெளியேறின. வாடகைக்குப் பிடித்த அறைக்கு மூட்டை முடிச்சோடு போய்ச் சேர்ந்ததும் அத்தான் மைனாவின் எதிரில் வந்து உட்கார்ந்தார்.

"உனக்காகத்தானேம்மா அந்தச் சுவரை எடுத்தேன். உன்னாலதான் கட்டடமே விரிஞ்சுதுன்னு நாலு பேர் சொல்லிடக் கூடாதேன்னுதான்..."

"சுவரை எடுத்தது எனக்காக. சரி. பக்கத்தை எடுத்தது யாருக்காக?"

"பயந்துட்டேன்" என்றார்.

அதை அவள் நம்பினாள். அவர் அன்று சொன்னதில் அது ஒன்றைத்தான் நம்பினாள்.

அக்கா துணிகளை மடித்து வைத்துக்கொண்டிருந்தாள். மைனா அவள் பக்கம் திரும்பினாள். "அக்கா, உனக்கும் தெரியுமா?"

"அவர் தாண்டினதைப் பாத்தேன்" என்றாள் அக்கா. "என்ன பக்கம்னு பாக்கல. பாக்கப் பிடிக்கல. புருஷன் ஒரு பக்கம், தங்கச்சி ஒரு பக்கம். நான் கண்ணை மூடிக்கிட்டேன்."

"உனக்கு அது சுலபமா இருந்துதா?"

"இல்லடி" என்றாள். பிறகு அழுதாள். மைனா அவளைத் தேற்றவில்லை. ஆனால் எழுந்து போகவும் இல்லை.

நிறுவனத்துக்கு விற்கும் பேச்சு அத்தோடு முறிந்தது. செயலாளர் பதவி நர்ஸின் கணவனுக்குப் போனது. தையல்காரர் அத்தானோடு பேச்சை நிறுத்திவிட்டார். ஒப்பந்தக்காரன் ஃபோனை எடுப்பதே இல்லை. வேறு ஆட்கள் வந்து எஃகு உத்தரத்தை ஏற்றினார்கள். மைனா ஒருநாள் போய் அதைத் தொட்டுப் பார்த்தாள். சில்லென்று இருந்தது. சட்டப்படி கேட்டதில் உங்கள் தவறு ஒன்றும் இல்லை என்று அலுவலகத்துப் பெண் ஃபோனில் சொன்னாள். தெரியும், என்றாள் மைனா. தெரிந்ததனால் மனசு லேசாகிவிடவில்லை.

அத்தான் மீது விசாரணை வந்தது. அந்த அழைப்பாணை மின்னஞ்சலில் வந்த அன்று, அவர் கணினியைத் தூக்கிக்கொண்டு வந்து மைனாவின் முன்னால் வைத்தார்.

"இதை உன் மெஷினையே படிக்கச் சொல்லும்மா. நான் படிச்சா நல்லா இருக்காது."

"நீங்களே படிங்க அத்தான். அப்புறம் மெஷினும் படிக்கட்டும்."

அத்தான் தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தார். அக்கா வந்து அவர் தோளுக்குப் பின்னால் நின்றுகொண்டாள். இரண்டாவது பத்தியில் அவள் குறுக்கிட்டாள்.

"ஒரு வரிய விட்டுட்டீங்க."

"அது வெறும் தேதிதான்."

"தேதியையும் படிங்க" என்றாள் அக்கா.

அவர் படித்தார்.