பதினைந்து நிமிடத் தூரம்

இறுதிச்சடங்கு நிலையத்தில் ஜூலியோ சவப்பெட்டியின் துத்தநாக மூடியைத் தூக்கியபோதுதான் டாரியோவுக்குத் தன் தவறு உறைத்தது.

"இங்கயேவா மூடறீங்க?"

"எல்லை தாண்டிப் போற பொணமாச்சே தம்பி. இங்கயே மூடியை ஈயம் ஊத்திப் பத்தவச்சு, அதிகாரி வந்து சீல் வைக்கணும். அந்தப் பக்கம் போய்த் திறக்கக் கூடாது."

எல்லை. இறந்துபோன மனைவி உர்ஷ்காவின் ஊர் மீரென், ஸ்லோவேனியாவில்; இத்தாலியின் இந்தக் கொரீசியாவிலிருந்து பதினைந்து நிமிடம். ரொட்டிக்கு இத்தாலி, பெட்ரோலுக்கு ஸ்லோவேனியா என்று இருவரும் ஒரே நாளில் மூன்று தடவை போய் வந்திருக்கிறார்கள். நான்கு வருடத்தில் ஒருவரும் நிறுத்தியதில்லை. அந்தத் தைரியத்தில்தான் நேற்று மாமியார் மிலேனாவிடம் சொல்லியிருந்தான், வீட்டுக்கே கொண்டுவருகிறேன், நீங்களே உடுத்திவிடுங்கள் என்று. மிலேனா அங்கே நீல கவுனைத் தேய்த்துவைத்துக் காத்திருந்தாள்.

போன் செய்தான்.

"அத்தை, கவுனை எடுத்துக்கிட்டு உடனே வாங்க. பதினோரு மணிக்கு மூடிருவாங்க."

மறுமுனையில் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது.

"எல்லையே இல்லேன்னியே மாப்ளே."

மிலேனா வீட்டுச் செருப்போடு வந்து இறங்கினாள். அதிகாரி முன்னதாகவே வந்து படிவத்தை நிரப்பிக்கொண்டிருந்தார்.

"எந்த நாட்டுக் குடிமகள்?"

"ஐரோப்பான்னு சொல்லுவா" என்றான் டாரியோ.

"இங்க நாட்டுப் பேருதான் எழுதணும்."

மிலேனா மகளின் முகத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "பொறந்தப்ப யூகோஸ்லாவியா. பல்லு முளைச்சப்ப ஸ்லோவேனியா. பள்ளிக்கூடத்துல இருக்கறப்ப ஐரோப்பா வந்துச்சு. வீடு என்னவோ ஒண்ணுதான். எது வேணுமோ எழுதிக்குங்க. எனக்குப் பத்து நிமிஷம் குடுங்க."

அதிகாரி கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு படிவத்தை மடித்துக்கொண்டு சிகரெட் பிடிக்க வெளியே போனார். ஜூலியோவும் பின்னால் நடந்தான்.

கவுன் மகளின் உடம்பில் தொளதொளவென்று கிடந்தது.

"சோறு போட்டியா இல்லியா இவளுக்கு?"

டாரியோ உர்ஷ்காவின் தோளைத் தூக்கிப் பிடித்தான். மிலேனா முதுகுப்பக்கம் துணியை மடித்து ஊக்கு குத்தினாள். மகள் அதுவரை போட்டிருந்த சட்டையை நான்காக மடித்துத் தன் பையில் வைத்துக்கொண்டாள். நெற்றியில் ஒரு முத்தம். கதவைத் திறந்து அவளே வெளியே நின்ற இருவரையும் கூப்பிட்டாள்.

ஈயம் உருகி, மூடியின் விளிம்பைச் சுற்றி ஓடி அடைத்தது. அதிகாரி முத்திரை வைத்தார். "ஸ்லோவேனியா" என்று எழுதி, தாளை டாரியோவிடம் நீட்டினார்.

மிலேனா மூடியின் மேல் கையை வைத்தாள்.

"சூடா இருக்கு மாப்ளே."

அவனும் பக்கத்தில் கை வைத்தான். தகடு ஆறும்வரை இருவரும் எடுக்கவில்லை.