உத்தரத்துக் கொக்கி

துரைசாமிக்கு எதையும் தூக்கி எறியத் தெரியாது. எறிந்தால் மறுநாளே அது வேண்டியிருக்கும் என்பது அவர் கட்சி. பஃபலோ ரோட்டில் ஒரு கடைக்கு மேலே, ஒரு பாயும் ஓர் அடுப்பும் போட்டால் நிறைந்துவிடுகிற அறை. அதில் கம்பி ஒடிந்த ஏழு குடைகள், ஓடாத மூன்று கடிகாரங்கள், தஞ்சோங் பகார் துறைமுகத்திலிருந்து அவர் பொறுக்கி வந்த கயிற்றுத் துண்டுகள், மூடியில்லாத ரொட்டி டின்கள், டின் இல்லாத மூடிகள். இவ்வளவுக்கும் நடுவில்தான் அவரும் பெண்டாட்டி பூவம்மாவும் ஒண்டுக்குடித்தனம் நடத்தினார்கள்.

எல்லாவற்றுக்கும் மேலே, உத்தரத்தில் இருந்த ஒரே கொக்கியில், சைக்கிள் தொங்கியது. பெயர்தான் சைக்கிள். இருந்தது சட்டமும் ஒரு சக்கரமும். கல்யாணமான மறுவாரம், பூவம்மாவைப் பின்னால் உட்காரவைத்துக் கடற்கரைக்குப் போகலாமென்று ஆசையாக வாங்கியது. சிராங்கூன் ரோட்டுச் சாக்கடையோடு அந்தப் பயணம் முடிந்தது. அடுத்த மாசம் ரிப்பேர் பண்ணிவிடலாம் என்று மாட்டினார். அந்த அடுத்த மாசம் ஒன்பது வருஷமாக வரவேயில்லை.

இன்றைக்கு அந்தக் கொக்கி பூவம்மாவுக்கு வேண்டும். காரணம் அவள் வயிற்றில் இருந்தது. ஒன்பது வருஷம் காத்திருந்து வந்த காரணம்! ஆனால் வாயைத் திறக்க முடியாது. மூன்று மாசம் முடியும்வரை புருஷனிடம்கூடச் சொல்வதில்லை என்று வீரமாகாளியம்மனிடம் வேண்டிக்கொண்டிருந்தாள். மூன்று மாசம் முடிய இன்னும் இரண்டு நாள் இருந்தது. வெள்ளையடிக்கிறவர்களோ நாளைக் காலையில் வருகிறார்கள். வீட்டுச் சொந்தக்காரர் தீபாவளிக்கு முன்னால் வருஷத்துக்கு ஒரு தடவைதான் ஆளனுப்புவார். அதற்காகக் காலி செய்யும்போது போகாத சாமான் அடுத்த தீபாவளிவரை அசையாது. அதற்குள் பிள்ளை தவழ்ந்து குடைக்கம்பியைக் கடிக்கும்.

ஆகவே வெள்ளிக்கிழமை காலையிலேயே முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு இறங்கிவிட்டாள். எதிர் அறை சம்சுன்னிசா துணைக்கு வந்தாள். குடைகள் போயின. கடிகாரங்கள் போயின. டின்கள் கடகடவென்று படியிலேயே உருண்டு தாங்களாகவே போயின. பெண்கள் இரண்டு பேருக்கும் சிரிப்பு தாங்கவில்லை. கீழே கடைவாசல் அஞ்சடி நடைபாதையில், பழைய சாமான் வாங்கும் காராங்கூனிக் கிழவர் சாக்கை விரித்து வைத்துக்கொண்டு, "சுமுவா?" என்று மலாயில் கேட்டார்.

"சுமுவா, தவுக்கே! எல்லாத்தையும் எடுத்துக்க!" என்று கத்தினாள் பூவம்மா.

அந்தச் சத்தத்தில்தான் துரைசாமி விழித்துக்கொண்டார். அந்த வாரம் அவருக்கு இரவு வேலை. கண்ணைத் திறந்தால் அறையில் வெளிச்சம்! சுவர் தெரிகிறது! பாய்ந்து எழுந்து, மிச்சமிருந்த முக்காலியில் ஏறிச் சைக்கிளைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

"இதை மட்டும் தொடாதே, பூவு!"

"அது எதுக்குங்க? கொக்கி எனக்கு வேணும்லா."

"என்ன மாட்டப் போறே?"

"வாழைத்தார்."

"நாம என்ன பழக்கடையா வச்சிருக்கோம்?"

"அப்ப அரிக்கேன் விளக்கு."

"அதான் லைட்டு எரியுதே!"

பூவம்மாவிடம் பொய் தீர்ந்துபோயிற்று. அவருக்கோ புத்தி வேலை செய்தது. "மணி பதினொண்ணு ஆகுது. வெள்ளிக்கிழமை பத்தரையிலிருந்து பன்னண்டு ராகு காலம். இந்த நேரத்துல எந்தக் காரியமும் ஆகாது. தெரியுமில்ல?"

பூவம்மா வாயைப் பிளந்தாள். சொல்வது யார்? சீர்திருத்தச் சங்கத்தில் மேடையேறிப் பஞ்சாங்கத்தைக் கிழித்தவர். வேண்டுமென்றே ராகு காலத்தில் தாலி கட்டியவர். வயிறு திறக்காத ஒவ்வொரு வருஷமும், அந்த நேரத்தை நினைத்து அவள் தனியாக அழுதிருக்கிறாள். அது அவருக்குத் தெரியாது.

"ராகு காலமா! அண்ணே, நீங்களா சொல்றீங்க?" என்று சம்சுன்னிசா வாசற்படியைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பூவம்மாவுக்கும் சிரிப்பு வந்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

துரைசாமிக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. முக்காலியிலிருந்து குதித்து, மூலையில் அவள் மடித்து வைத்திருந்த ஒன்றைத் தூக்கினார். பழைய நூல் சேலை, நைந்து கிழிந்தது. "என் சாமானெல்லாம் குப்பை. இந்தக் கந்தல் மட்டும் என்ன பொக்கிஷமா? முதல்ல இதைப் போடு!"

"ஐயோ, அது வேணும்!" பூவம்மா தாவிப் பிடுங்கி மார்போடு அணைத்துக்கொண்டாள்.

"கிழிஞ்ச சேலை எதுக்குடி?"

அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள். அவர் சேலையைப் பார்த்தார். கொக்கியைப் பார்த்தார். மறுபடி சேலையைப் பார்த்தார். பழஞ்சேலையையும் உத்தரத்துக் கொக்கியையும் சேர்த்துப் பார்த்தும் தூளி நினைவுக்கு வராத தமிழன் உண்டா?

"பூவு..." என்றார்.

அவள் தலையைக்கூட ஆட்டவில்லை. வேண்டுதல் வேண்டுதல்தான். கண்ணீர் மட்டும் கொட்டியது, சிரிப்போடு.

துரைசாமி முக்காலியில் ஏறினார். ஒன்பது வருஷத் தூசி தலையில் கொட்டக் கொட்டச் சைக்கிளைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு படிவரை ஓடினார். சம்சுன்னிசா வழிவிட்டு ஒதுங்கினாள். அங்கே சட்டென்று நின்றார்.

"மணி என்ன?"

"பதினொண்ணு பத்து," என்றாள் சம்சுன்னிசா, தன் அறைக் கடிகாரத்தை எட்டிப் பார்த்து.

துரைசாமி படியிலேயே உட்கார்ந்தார். சைக்கிளை மடியில் வைத்துக்கொண்டார். கீழே சாக்கைக் கட்டத் தொடங்கிய கிழவரைப் பார்த்து, "துங்கு, தவுக்கே! துங்கு! கொஞ்சம் பொறு!" என்று கெஞ்சினார். "காப்பி வாங்கித் தரேன். பன்னண்டு அடிக்கட்டும்!"

பூவம்மா வந்து பக்கத்தில் உட்கார்ந்து, அவர் தலைத் தூசியை முந்தானையால் தட்டிவிட்டாள். அவர் கழுத்துவரை சிவந்துபோயிருந்தார்.

"சங்கத்துல யார்கிட்டயும் சொல்லிடாதே," என்றார் மெதுவாக.

"நான்தான் யார்கிட்டயும் எதையும் சொல்லலையே," என்றாள் பூவம்மா.