ஆறடிக்கு மூன்றடி

1

இந்தக் கதை ஒரு பொய்யில் தொடங்கியது. பொய் என்னுடையது. பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கான மலர் ஒன்றுக்கு, 'வீட்டு உள்ளலங்காரம்: தொழிலாகுமா, வருமானம் வருமா?' என்று கட்டுரை கேட்டார்கள். எனக்கு அதைப் பற்றி ஒரு மண்ணும் தெரியாது. "ஓம், எழுதித் தாறன்" என்று வாத்தியாரான நான் தலையை ஆட்டிவிட்டேன். பிறகுதான் முஸ்லிம் ஊரான காத்தான்குடியில் அந்தத் தொழில் செய்யும் ஸுஹைனாவைத் தேடிப் போனேன்.

முதல் வரி இப்படி வந்தது: 'வாவிக் காற்று தாலாட்டும் ஊரில் கனவுகளுக்கு வண்ணம் தீட்டும் ஓர் இளம்...' த்தூ! வெட்டிவிட்டேன்.

2

"வருமானம் எப்படித் தங்கச்சி?"

"எங்கட ஊர்ல குமர் இருக்கும் மட்டும் எனக்கு வேலை இருக்கு, சேர்" என்று சிரித்தாள். "ஒரு ஊட்டு வேலைக்கு ஒங்கட மூணு மாசச் சம்பளம் வரும்."

(குமர் என்றால் கலியாணமாகாத பெண். மகளுக்கு வீடு கட்டிக் கொடுத்தால்தான் கலியாணம். வீடு மகளுடையதானதும் தாயும் தகப்பனும் பின்பக்கத்துக்கு ஒதுங்க வேண்டியதுதான். தமிழர் எங்கள் பக்கத்திலும் இதே கூத்துத்தான். மூக்கைச் சுளிக்க எனக்கு உரிமையில்லை.)

3

அவளுடைய முதல் வேலை ஏறாவூரில், ஸஹீதா என்ற பெண் தன் மகளுக்குக் கட்டிய வீடு. சமைக்கிற குசினிக்குப் பின்னால் ஒரு சின்ன அறை. அதில் துருப்பிடித்த இரும்புக் கட்டில், சுருட்டிய மெத்தை. கழித்துவிட்ட சாமான் என்று நினைத்து, சுவருக்குச் சுவர் பாண்ட்ரி கப்போர்ட், அதாவது சமையல் சாமான் அலுமாரி, வரைபடத்தில் கீறிக் கொடுத்தாள் ஸுஹைனா. தச்சனும் அடித்து முடித்தான்.

கலியாணத்துக்கு இரண்டு நாள் முன்னர் ஸஹீதா அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"எல்லாம் சோக்கா இருக்கு மகள். எங்கட கட்டில மட்டும் நீங்க கீறல்லையே."

ஸஹீதாவும் கணவரும் இப்போது வாடகை அறையில். மாப்பிள்ளை வீட்டாருக்குப் பாண்ட்ரி நன்றாகப் பிடித்துவிட்டது. அதைப் பார்த்துத்தான் அடுத்த ஏழு வேலைகள் வந்தன.

[இங்கே ஸுஹைனா திரும்பிப் போய் அந்தக் கப்போர்ட்டைத் தன் கையாலேயே உடைப்பதாக எழுதினேன். அருமையான காட்சி. அவளுக்கு வாசித்துக் காட்டினேன். "பொய் எழுதாதீங்க சேர். நான் ஒடைக்கல்ல. போட்டோ எடுத்து ஃபேஸ்புக்கில போட்டன்" என்றாள்.]

4

"உழைக்கிற காசெல்லாம் என்ன செய்யிறீங்க?"

"என்ட ஊட்டுக்குத்தான் போகுது. நானும் குமர்தானே."

வாவிப் பக்கமாக அவளுடைய வீடு பூச்சு வேலை வரைக்கும் வந்துவிட்டது. மாப்பிள்ளையும் பேசியாயிற்று. வரைபடத்தை விரித்துக் காட்டினாள். எல்லா அறையும் கீறியிருந்தது, பின்னறை மட்டும் வெறுமை.

தேத்தண்ணி கொண்டுவந்த அவளுடைய உம்மா எட்டிப் பார்த்தார்.

"இதுல பாண்ட்ரியப் போடு மகள். மாப்பிள்ள ஊட்டார் கேக்காங்க. நானும் வாப்பாவும் எங்கயாச்சும் கெடந்துக்குவம்."

ஸுஹைனாவின் பென்சில் அசையவில்லை. உம்மா உள்ளே போனதும் கேட்டாள்: "நீங்கண்டா என்ன சேர் செய்வீங்க?"

நான் தேத்தண்ணியைக் குடித்தேன்.

5

முடிவு அ: அவள் கட்டிலைக் கீறுகிறாள், கலியாணம் குழம்பி நின்றுபோகிறது. வேண்டாம், பாவம்.

முடிவு ஆ: அவள் பாண்ட்ரியைக் கீறுகிறாள், எல்லோரும் மெச்சுகிறார்கள், உம்மா...

இதையும் என்னால் முடிக்க ஏலவில்லை. கட்டுரையை மட்டும் 'நல்ல வருமானமுள்ள தொழில்' என்று முடித்துக் கொடுத்துவிட்டேன். அது பொய்யும் இல்லை.

அவளுடைய பின்னறை ஏழடிக்கு ஐந்தடி, கட்டில் ஆறடிக்கு மூன்றடி. கட்டில் போட்டால் கப்போர்ட் கதவு திறக்காது, அளந்து பார்த்தாயிற்று. இரண்டில் ஒன்றுதான். நீங்களே கீறுங்கள், என்னிடம் பென்சிலைத் தராதீர்கள். என் மனைவி கேதீஸ்வரியின் தாயும் தகப்பனும் எட்டு வருடமாக எங்கள் வீட்டுப் பின்கொட்டிலில்தான் படுக்கிறார்கள்.