ஓட்டல் மூட்டையில் வந்த கோட்டு

சலவைக்கு வரும் ஓட்டல் மூட்டையை அவிழ்த்துக் கொட்டினால் என்னென்னவோ விழும். ஒற்றைக் காலுறை, சீப்பு, பல்செட்டு, ஒருமுறை தலையணை அளவுக்கு ஒரு பொம்மைக் கரடிகூட. பிரிக்கிற மேசையில் நிற்கும் பெண்கள் எதற்கும் அசரமாட்டார்கள். படுக்கை விரிப்பு கசங்கியிருக்கிற லட்சணத்தை வைத்தே அறையில் இருந்தவர்கள் சண்டை போட்டார்களா சமாதானமானார்களா என்று சொல்லிவிடுவார்கள். ஆனால் அந்த வெள்ளைக் கோட்டு விழுந்தபோது மேசையே ஊமையாகிவிட்டது. அதன் மார்புப் பையின் மேல் சிவப்பு நூலில் 'மேலாளர்' என்று தைத்திருந்தது. அந்தச் சலவைக்கூடத்தில் அப்படி ஒரே ஒரு கோட்டுதான் உண்டு.

"அக்கா, இது நம்ம சாரோடதுல்ல?"

"ஊர்த் துணியெல்லாம் எண்ணி வாங்குற மனுசன், தன் துணிய எண்ண மறந்துட்டாரு பாவம்" என்றாள் இன்னொருத்தி. அதோடு சிரிப்பு கிளம்பிவிட்டது.

வேலையிலிருந்து நேராக ஓட்டலுக்குப் போயிருக்கிறார். கோட்டைக் கழற்றிக் கட்டிலில் போட்டிருக்கிறார். அறை சுத்தம் செய்தவள் விரிப்போடு சேர்த்துச் சுருட்டிவிட்டாள். சாயங்காலத்துக்குள் கோட்டின் படம் எல்லார் கைபேசியிலும் ஏறிவிட்டது. உடனிருந்த பெண் சலவைக்கூடத்துக்காரியும் இல்லை, ஓட்டல்காரியும் இல்லை, யாரோ வெளியாள் என்கிற விவரமும் ஓட்டலிலிருந்தே வந்து சேர்ந்தது.

பிரிக்கிற பகுதிக்கு மேற்பார்வை பெரியக்கா. முதலாளிகூட அவளை அப்படித்தான் கூப்பிடுவார். கோட்டை அவளே துவைக்கப் போட்டாள், தேய்த்தாள், யாருடையது என்று தெரியாத துணிகள் தொங்கும் கம்பியில் கொண்டுபோய் மாட்டினாள். யாருடையது என்று கூடத்துக்கே தெரியும். ஆனாலும் கொண்டுபோய்க் கொடுக்க ஒருத்திக்கும் கை வரவில்லை. கேட்டு வாங்க அவருக்கும் வாய் வரவில்லை. வாரம் முழுக்க அவர் வெறும் சட்டையோடு நடந்தார்.

மேலாளர் இருக்கலாமா, போகவேண்டுமா என்று சொல்ல மூன்று பேரை உட்கார வைத்தார் முதலாளி. அவருடைய மாப்பிள்ளை, கணக்குப் பார்க்கிற ஐயா, தொழிலாளர் பக்கம் பெரியக்கா. மாப்பிள்ளை போகட்டும் என்கிறார், கணக்கு ஐயா இருக்கட்டும் என்கிறார் என்பது கூட்டத்துக்கு முன்பே கசிந்துவிட்டது. மிச்சம் அவள் வாய்தான்.

"விடாதீங்கக்கா. சீட்டக் கிழிச்சிருங்க" என்றார்கள் பெண்கள். அவள் வீட்டுக்காரர் இன்னொருத்தியோடு போய்ப் பல வருடமாகிறது. அதனால் அவள் என்ன சொல்வாள் என்பதில் அவர்களுக்குச் சந்தேகமே இல்லை. பெரியக்கா சிரித்துவைத்தாள். வீட்டுக்காரர் போனபோது எந்தக் கமிட்டியும் உட்காரவில்லை. மறுநாள் வழக்கம்போல வேலைக்குப் போனார். கொஞ்ச காலத்தில் பதவி உயர்வுகூட வந்தது. அதை நினைத்துக் கோபப்பட இப்போது தெம்பில்லை. நாள் முழுக்க நின்ற இடுப்பு வலிக்கிறது, அவ்வளவுதான்.

அவள் நினைப்பில் வேறொருவன் உட்கார்ந்திருந்தான். முன்பு இங்கே துணி வண்டி ஓட்டிய வேன்காரன். போன வருடம் அவனுக்கும் இப்படித்தான் வெளியில் ஒரு தொடர்பு. அவன் மனைவி சலவைக்கூடத்து வாசல் கேட்டில் நின்று கத்தினாள். "வீட்ட ஒழுங்கா வச்சுக்கத் தெரியாதவன் வண்டிய எப்படி வச்சுக்குவான்?" என்று கேட்டு அன்றைக்கே அனுப்பிவிட்டார் மேலாளர். வண்டியில் ஒரு கீறல் விழவிட்டதில்லை அவன். இப்போது கடைத்தெருவில் சாக்குத் தூக்குகிறான். வாடகை கொடுக்க முடியாமல், கத்திய மனைவியும் அவனோடு சேர்ந்துதான் வீட்டைக் காலி செய்தாள்.

கூட்டத்துக்கு முந்தின நாள் பெரியக்கா தன் ஒற்றை அறையில் ஒருத்திக்கான உலையை வைத்திருந்தபோது கைபேசி அடித்தது.

"நான் மேனேஜர் வீட்லேருந்து பேசறேங்க."

அடுப்பைத் தணித்தாள். "சொல்லுங்கம்மா."

"நாளைக்கு நீங்கதான் முடிவு சொல்லணுமாமே. அவர வேலைய விட்டு எடுத்துராதீங்க."

"மன்னிச்சிட்டீங்களாம்மா?"

அந்தப் பக்கம் வந்தது சிரிப்பா இருமலா என்று தெரியவில்லை. "மன்னிப்பா? அட, நீங்க வேற. வேலை போச்சுன்னா நாள் பூரா வீட்லதானே கெடப்பாரு? காலைல போறாரு, பொழுது சாஞ்சு வர்றாரு. அந்த எடவெளியிலதான் நான் மூச்சு விடறேன். அதையும் புடுங்கிறாதீங்கக்கா."

கடைசியில் அந்த 'அக்கா' வந்து ஒட்டிக்கொண்டது. தினம் நூறு தடவை கேட்கிற சொல்தான். இருந்தும் சோறு குழைந்துபோகும்வரை பெரியக்கா அடுப்படியிலேயே நின்றாள்.

மறுநாள் கூட்டத்தில் மாப்பிள்ளைதான் ஆரம்பித்தார். "கம்பெனி பேரு சந்தி சிரிக்குது. அதுவும் நம்ம கஸ்டமர் ஓட்டல்லயே!"

"அது அவரு சொந்த விஷயம் சார். வேலையில ஒரு குறை சொல்லுங்க பாப்போம்" என்றார் கணக்கு ஐயா.

இருவரும் பெரியக்காவைப் பார்த்தார்கள்.

"வேன்காரனுக்கும் அது சொந்த விஷயந்தானே சார்?" என்றாள்.

"அவன எதுக்கும்மா இப்ப இழுக்கறீங்க?"

"இவரு இருக்கலாம்னா அவனையும் கூப்பிடுங்க. அவன் போனது சரின்னா இவரும் போகட்டும். எதச் செஞ்சாலும் ரெண்டு பேருக்கும் ஒரே மாதிரி செய்யுங்க."

"அவனும் இவரும் ஒண்ணாம்மா?"

"ஒண்ணில்ல சார். அவன் சட்டைய மறந்து வச்சிட்டு வரல."

கணக்கு ஐயா குனிந்து செருப்பைச் சரிசெய்தார். தோள் குலுங்கியது. மாப்பிள்ளை சிரிக்கவில்லை. மாமாவிடம் கேட்டுவிட்டுச் சொல்வதாக எழுந்துபோனார்.

பெரியக்கா படியிறங்கினாள். அந்த அம்மா கேட்டதை அவள் செய்யவுமில்லை, செய்யாமலுமில்லை. ஒருவேளை இரண்டு பேரும் தெருவில் நிற்பார்கள். ஒருவேளை அவளும்.

கீழே கூடம் அமைதியாக இருந்தது. பெண்கள் தலையைக் குனிந்து விரிப்புகளைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். கம்பிக்கு முன்னால் மேலாளர் நின்றிருந்தார். கூட்டம் முடிந்தது அவருக்குத் தெரியும். முகத்தில் கேள்வி இருந்தது, ஆனால் கேட்கவில்லை. கோட்டைக் காட்டி, "அது... என்னோடது" என்றார், யாரோ புதிதாக வேலைக்கு வந்தவர் மாதிரி.

ஒரு வாரமாகத் தொங்குகிற கோட்டு. தேய்த்த மடிப்பு கலையாமல் இருந்தது.

"இன்னும் காயல சார்" என்றாள் பெரியக்கா.

அவர் கையை நீட்டி ஓரத்தைத் தொட்டுப் பார்த்தார். மொடமொடவென்றிருந்தது. "ஆமா," என்று கையை எடுத்துக்கொண்டார். "ஈரமாத்தான் இருக்கு."

போகாமல் அங்கேயே நின்றார். உலர்த்தும் இயந்திரத்திலிருந்து வந்த அனல்காற்றில் கோட்டின் வெற்றுக் கை ஆடி ஆடி அவர் முழங்கையில் பட்டுக்கொண்டிருந்தது.